சான்பாடா மழைநீரும் நகரங்களின் கூட்டு நிதியும்

மும்பையின் செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலேறிக் கிழக்கே செல்வோர், கோவண்டி, மான்கூர்டு நிலையங்களைக் கடந்ததும் தாணே கழியின் மீதுள்ள நீண்ட பாலத்தை அடைகின்றனர். பாலத்தைத் தாண்டினால் வாஷி. அதற்கடுத்த நிலையம் சான்பாடா. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்பாலம் அன்றாட வழியாகிவிட்டது. ரயில் அதன் மீது செல்கையில், மும்பை மாநகராட்சியின் எல்லை எங்கே முடிந்து நவி மும்பை மாநகராட்சியின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை எவரும் கவனிப்பதில்லை. கழி நீரும் கவனிப்பதில்லை. வரவு செலவுக் கணக்குகள் மட்டுமே அதைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்து வருகின்றன. அதனால் விளையும் சங்கடமே இங்கு ஆராயப்படுவது.

சான்பாடாவுக்குக் கிழக்கே பார்சிக் குன்றுகள் உள்ளன. ஆடி மாதத்துக் கனமழை அங்கே பெய்யும்போது, அந்நீர் மேற்கு நோக்கி இறங்கிக் கழியைச் சேருமுன் யார் யாருடைய நிலத்தைக் கடக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. குன்றின் சரிவுகளில் கல்லுடைப்புக் குழிகள் இருந்தமையால் மழைநீர் அங்கேயே மண்ணையும் கல்தூளையும் வாரிக்கொள்கிறது. அடிவாரத்தில் அது மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டைக்குள் புகுகிறது. பிறகு தாணே–பேலாப்பூர் சாலையின் அடியிலும், ரயில் பாதையின் அடியிலும் அமைந்த கலுங்குகள் வழியே நுழைகிறது. அதன்பின் மாநகராட்சியின் வடிகால்கள், அப்பால் பாம் பீச் சாலை, அதற்கும் அப்பால், வனத்துறையின் பாதுகாப்பிலுள்ள அலையாத்திக் காடு, இறுதியாகக் கழி. சில கிலோமீட்டர் தூரமே உள்ள இப்பயணத்தில் அரை டஜன் இலாகாக்களின் அதிகார எல்லைகளை அந்நீர் கடந்துவிடுகிறது. ஒவ்வொரு இலாகாவும் தன் பகுதியில் தன் வேலையைச் செம்மையாகவே செய்திருக்கலாம். எனினும் கீழே இருப்பவரின் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது.

இந்நகரத்தை அமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1970-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தோற்றுவிக்கப்பட்ட ‘சிட்கோ’ என்னும் நகர, தொழில் வளர்ச்சிக் கழகம், கழியோரத்துத் தாழ்நிலங்களை நகரமாக்க முற்பட்டபோது ஒரு முக்கியமான கேள்வியை எதிர்கொண்டது. கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டம் அந்நிலங்களைவிட உயர்ந்து நிற்கும். நிலம் முழுவதையும் மண்கொட்டி அந்த மட்டத்துக்கு மேல் உயர்த்துவது பெருஞ்செலவு. ஆகவே கடல்மட்டத்துக்குக் கீழே பயிரிட்டு வாழப் பழகிய ஹாலந்து நாட்டினரின் முறை கைக்கொள்ளப்பட்டது. நிலத்தை ஓரளவே உயர்த்துவது. கரைகள் எழுப்பிக் கடல்நீரைத் தடுப்பது. வடிகால்கள் கழியைச் சேரும் இடங்களில் விரிந்த தேக்கக் குளங்களை வெட்டி, அவற்றின் வாயில் தானாகத் திறந்து மூடும் மதகுக் கதவுகளைப் பொருத்துவது. ஏற்றத்தின்போது கழி நீர் வெளியிலிருந்து அழுத்திக் கதவை மூடுகிறது. நகரத்தின் மழைநீர் அந்நேரம் குளத்தில் தங்குகிறது. வற்றத்தின்போது கழியின் மட்டம் இறங்க, உள்நீரின் அழுத்தம் கதவைத் திறக்கிறது, குளம் வடிகிறது. யந்திரமில்லை, எண்ணெயில்லை, மின்சாரமில்லை. சுமார் 12 மணி 25 நிமிஷங்களுக்கு ஒருமுறை வந்துபோகும் ஏற்றவற்றமே இங்கு வேலையாள். பேலாப்பூர் தொடங்கி வடக்கே ஐரோலி வரை, நவி மும்பை மாநகராட்சியின் எல்லைக்குள் இவ்வாறு 11 குளங்கள் அமைந்தன.

வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியர்கள் ஓர் எளிய கணக்கைப் போட்டுக் காட்டலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லட்சம் கன மீட்டர் நீர். அதாவது பத்துக் கோடி லிட்டர். தார்ச் சாலையும் சிமெண்டுத் தளமும் நிறைந்த நகரத்தில் அதிற் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்காது. அது முழுவதும் ஏற்ற வேளையில் வந்து சேர்ந்தால், அதைத் தாங்க ஒரு மீட்டர் ஆழத்தில் பத்து ஹெக்டேர் பரப்புள்ள குளம் வேண்டும். அக்குளத்தின் அடியில் 30 சென்டிமீட்டர் வண்டல் படிந்துவிட்டால், மூன்று கோடி லிட்டர் நீருக்கு இடமில்லாமற் போகிறது. அந்நீர் தெருவில் நிற்கும்.

வண்டல் படிந்தது. குன்றின் மண் மேலிருந்து வந்தது. கதவுகள் பழுதுற்ற இடங்களில் கழியின் சேறு கீழிருந்து வந்தது. சேறு படிந்த உப்புநீரில் என்ன முளைக்குமோ அது முளைத்தது. அலையாத்திச் செடிகள் குளங்களுக்குள் வேரூன்றி மரங்களாயின. இங்குதான் பிரச்னை சிக்கலாகிறது. அலையாத்திக் காடுகளை அழிப்பதை மும்பை உயர் நீதிமன்றம் 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் தடை செய்து, 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் இறுதித் தீர்ப்பாகவும் உறுதி செய்தது. மிகவும் அவசியமான தீர்ப்பு அது. அலையின் வேகத்தைத் தணிப்பதும், மீனுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாவதும், காற்றிலுள்ள கரியை உறிஞ்சிச் சேற்றில் புதைத்து வைப்பதும் இம்மரங்களே. தாணே கழியின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும், 6,521 ஹெக்டேர் பரப்பு 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டதும் இக்காட்டின் பயனே. ஆனால் வெள்ளத்துக்கென வெட்டிய குளத்துக்குள் முளைத்த மரமும் அதே சட்டத்தின் காவலில் நிற்கிறது. தூர்வார மாநகராட்சி விரும்பினால், கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் அனுமதியும் உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். குளத்தைக் கட்டியது சிட்கோ, பராமரிப்பது மாநகராட்சி, மரத்தைக் காப்பது வனத்துறை, அனுமதி அளிப்பது வேறோர் ஆணையம். எவரும் தவறு செய்யவில்லை. குளம் மட்டும் நிரம்பிக்கொண்டே வந்தது.

இதற்கிடையே கடலும் சும்மா இருக்கவில்லை. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட பருவநிலை மதிப்பீட்டு அறிக்கையின்படி, வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை உயர்ந்து வந்தது. 1993-க்குப் பிந்திய கால் நூற்றாண்டில் அவ்வேகம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டராயிற்று. மூன்று மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். தேக்கக் குளத்தின் கதவைப் பொறுத்தவரை அது அற்பமன்று. கழியின் சராசரி மட்டம் உயர உயர, ஒவ்வொரு வற்றத்திலும் கதவு திறந்திருக்கும் நேரம் குறைகிறது. குளத்தின் கொள்ளளவை அடியிலிருந்து வண்டல் குறைக்கிறது. அது வடியும் நேரத்தை வெளியிலிருந்து கடல் குறைக்கிறது. முன்னதைக் கூலியாட்களைக் கொண்டு சீர்செய்யலாம். பின்னதைச் சீர்செய்ய எந்த மாநகராட்சிக்கும் இயலாது. ஆகவே முன்னதையேனும் காலத்தில் செய்தாக வேண்டும்.

ஹாலந்திலிருந்து குளத்தின் அமைப்பைப் பெற்றவர்கள், அக்குளத்தைப் பேணும் சபையின் அமைப்பைப் பெறத் தவறிவிட்டனர் என்று கூறினால் தவறாகாது. அந்நாட்டில் நீர்க்காப்புக்கெனத் தனி வாரியங்கள் உண்டு. ரைன்லாந்து வாரியத்தின் வரலாறு 1255-ஆம் ஆண்டு வரை செல்கிறது. நீர் ஓடும் எல்லையே வாரியத்தின் எல்லை. நகர எல்லையை அது பொருட்படுத்துவதில்லை. வாரியத்துக்குத் தேர்தல் உண்டு. தனி வரி உண்டு. பள்ளிக்கூடத்துக்கோ, சாலைக்கோ, வேறெந்தச் செலவுக்கோ அவ்வரிப் பணத்தை எடுக்க முடியாது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த வாரியங்களை, 1953-ஆம் ஆண்டு பிப்ரவரிப் பெருவெள்ளத்தில் 1,836 பேரை இழந்த பின்னர் ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கி, காலப்போக்கில் 21 ஆகச் சுருக்கினர். சிறு எல்லைகளைப் பெருமையாகக் கருதி வைத்திருப்பதன் விலையை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான செய்தியன்று. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை மூலம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று இருந்த இடத்தில், ஏரியைப் பிற காரியங்களுடன் சேர்த்துவிடாமல் தனி வாரியத்திடம் ஒப்படைத்தனர். தூர்வாருவது என்பது ஆண்டுதோறும் தவறாது செய்ய வேண்டிய, புகழ் கிட்டாத வேலை. பொறுப்பாளர் பெயரும் அதற்கென ஒதுக்கிய பணமும் இல்லையேல் அது நடவாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

இனிப் பணத்தின் நிலையைப் பார்க்கலாம். மும்பைப் பெருநகரப் பிரதேசத்தில் மும்பை, தாணே, நவி மும்பை, கல்யாண்–டோம்பிவிலி, மீரா–பயந்தர், வசாய்–விரார், பிவண்டி–நிஜாம்பூர், உல்லாஸ்நகர், பன்வேல் என ஒன்பது மாநகராட்சிகள் உள்ளன. 2024–25-ல் மும்பை மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் ஏறத்தாழ 60,000 கோடி ரூபாய். அதே ஆண்டில் நவி மும்பையினுடையது 5,000 கோடியை எட்டவில்லை. மும்பை மாநகராட்சி 2022 மார்ச் மாதத்தில் பருவநிலைச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டு, 2050-க்குள் கரிவாயு வெளியீட்டை நிகர அளவில் ஒழிப்பதாக உறுதி பூண்டது. 2024-ல் பருவநிலைக்கென ஒதுக்கிய தொகைகளைத் தனியே தொகுத்து அறிக்கையும் வெளியிட்டது. அதில் காட்டப்பட்ட தொகை 10,224 கோடி ரூபாய், மூலதனச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. போற்றத்தக்க முன்மாதிரி. தாணே மாநகராட்சியும் 2024-ல் கோடை வெப்பத்துக்கெனத் தனிச் செயல்திட்டம் வகுத்தது. ஆனால் ஒவ்வொரு திட்டத்தின் படமும் அந்தந்த மாநகராட்சியின் எல்லைக்கோட்டில் முடிந்துவிடுகிறது. தாணே கழியின் மேற்குக் கரை ஒரு திட்டத்தில் உள்ளது. கிழக்குக் கரை மற்றொன்றில். மேற்குக் கரையில் 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு வந்த தேவ்னார் மேட்டிலிருந்தும், காட்கோபர்ப் பகுதி ஓடைகளிலிருந்தும் வரும் கழிவு, ஏற்றவற்றத்தோடு கிழக்குக் கரையின் அலையாத்தி வேர்களில் வந்து சிக்குகிறது. கிழக்குக் கரையில் நிலம் தூர்க்கப்படும்போது கழி குறுகி, இரு கரைகளிலும் சேறு படிகிறது. நடுவிலுள்ள நீருக்கு மட்டும் திட்டமில்லை.

பணம் மிகுந்த மாநகராட்சி தனித்தே சாதித்துவிடும் என்று எண்ணுவோர் மாட்டுங்காவின் கதையை அறிய வேண்டும். கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் மழைக்காலத்தில் முழங்காலளவு நீரில் நடந்துபோன அனுபவம் அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் உண்டு. 1985 வெள்ளத்துக்குப் பின் தொடங்கிய ஆய்வு 1993-ல் அறிக்கையாக வந்தது. மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென அமைந்த பழைய வடிகால்களை 50 மில்லிமீட்டருக்கு ஏற்றவாறு விரிவாக்கவும், எட்டு இடங்களில் பம்பு நிலையங்கள் அமைக்கவும் அது திட்டமிட்டது. 2007-ல் மத்திய சர்க்கார் 1,200 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. 2019-க்குள் ஆறு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. பின்தங்கிய இரண்டில் ஒன்று மாஹுல். மாட்டுங்கா, செம்பூர், குர்லா, வடாலாப் பகுதிகளின் நீரை வெளியேற்ற வேண்டிய நிலையம் அதுவே. அதற்குத் தேவையான நிலம் மத்திய சர்க்காரின் உப்பு ஆணையரிடம் இருந்தது. ஒரு சர்க்காரின் உப்பளம் மற்றொரு ஸ்தாபனத்தின் பம்பு நிலையமாக மாறுவதற்குள் கடிதப் போக்குவரத்திலேயே ஆண்டுகள் கழிந்தன. இடைக்காலப் பரிகாரமாகக் காந்தி மார்க்கெட்டுக்கருகே சிறு நீரேற்று நிலையம் ஒன்றை அமைத்துச் சமாளிக்க நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் பற்றாக்குறை பணத்தில் இல்லை, உடன்பாட்டில் இருந்தது.

அவ்வாறாயின் புதிய ஆணையம் ஒன்றை ஏற்படுத்தலாமே என்று தோன்றும். அதுவும் செய்து பார்க்கப்பட்டதே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மாநகரில் மட்டும் 400-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தபின், மித்தி ஆற்றுக்கென ஓர் ஆணையம் அடுத்த மாதமே நிறுவப்பட்டது. விஹார், பவாய் ஏரிகளிலிருந்து புறப்பட்டுத் தாராவியை ஒட்டி மாஹிமில் கடலைச் சேரும் அந்த ஆற்றின் நீளம் 17.84 கிலோமீட்டர். அதில் 11.84 கிலோமீட்டர் மாநகராட்சிக்கும், 6 கிலோமீட்டர் பெருநகரப் பிரதேச வளர்ச்சி ஆணையத்துக்கும் பிரித்தளிக்கப்பட்டது. ஆற்றைக் காக்கவென்று தோன்றிய ஏற்பாட்டின் முதற் காரியமே ஆற்றை இரண்டாக வெட்டியதாக அமைந்தது. மேசைகளின் எண்ணிக்கை கூடினால் ஒத்துழைப்பும் கூடும் என்பதற்கு அனுபவத்தில் ஆதாரமில்லை.

தேவையான சட்டம் ஏற்கெனவே உள்ளது. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் 243இசட்.இ. பிரிவு, பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள பெருநகரப் பகுதி ஒவ்வொன்றுக்கும் திட்டக் குழு வேண்டும் என்கிறது. அக்குழுவில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாதோர் நகராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களாலும் பஞ்சாயத்துத் தலைவர்களாலும் தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தண்ணீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வதும், சுற்றுச்சூழலைப் பேணுவதும் குழு கவனிக்க வேண்டிய விஷயங்களென அப்பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருந்தால்தானே குழு உயிர்பெறும்? நவி மும்பையில் 2020 முதலும் மும்பையில் 2022 மார்ச் முதலும் பல ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இன்றி அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினர்.

பணத்துக்கும் வழி உண்டு என்பதைப் பதினைந்தாவது நிதிக் குழு காட்டியது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்குப் பெரிய நகரத் தொகுதிகளுக்கென 38,196 கோடி ரூபாயை அது பரிந்துரைத்தது. அதில் 12,139 கோடி காற்றின் தூய்மைக்கு, எஞ்சியது குடிநீருக்கும் கழிவகற்றலுக்கும். கவனிக்கத்தக்க அம்சம் தொகையன்று. தனித்தனி நகராட்சிக்கு அளிக்காமல், அடுத்தடுத்துள்ள நகரங்கள் சேர்ந்த தொகுதிக்கு அளித்து, தொகுதி முழுவதன் முன்னேற்றத்தையும் கொண்டு மதிப்பிட அது முற்பட்டது. ஒரு நகரத்தின் புகை அடுத்த நகரத்தின் நுரையீரலுக்குச் செல்லும் என்பதை நிதிக் கணக்கு ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம். காற்றுக்குப் பொருந்தியது வெள்ளத்துக்கும் பொருந்தும்.

ஜெர்மனியின் எம்ஷர் ஆற்றுப் பகுதியில் நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் 1899-லேயே ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தன. ஆற்றை அழுக்காக்குவோரும் அதன் சீரமைப்பால் பயன் பெறுவோரும் அவரவர் அளவுக்கேற்பச் சந்தா கட்டினர். சாக்கடையாகவே ஒரு நூற்றாண்டு ஓடிய அந்த ஆறு, 2021-ன் இறுதியில் கழிவுநீர் நீங்கப் பெற்றது. சந்தா யார் எவ்வளவு என்ற கேள்விக்கு முதலிலேயே விடை கண்டதுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

தாணே கழிக்கும் அத்தகைய கூட்டுக் கணக்கு ஒன்றே போதுமானது. கழியை ஒட்டிய மும்பை, தாணே, நவி மும்பை ஆகிய மூன்று மாநகராட்சிகளும், தம் எல்லையிலிருந்து கழிக்கு நீர் வடியும் பரப்புக்கும் தம் வருமானத்துக்கும் ஏற்ப ஆண்டுதோறும் ஒரு பங்கைச் செலுத்தலாம். தொழிற்பேட்டையும் பங்கு தரக் கடமைப்பட்டதே. செலவிட வேண்டிய வேலைகளின் வரிசையைத் திட்டக் குழு முடிவு செய்யட்டும். மும்பையின் வரிப் பணத்தைச் சான்பாடாவின் குளத்துக்கு ஏன் தர வேண்டும் என்று ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபமே. ஆனால் மும்பை குடிக்கும் நீரில் பெரும்பகுதி பாட்சா, தான்சா, வைதர்ணா அணைகளிலிருந்து, அதாவது மாநகராட்சி எல்லைக்கு வெகு தொலைவிலிருந்து வருகிறது. அணைகள் அமைந்த ஷாஹாப்பூர் வட்டாரத்தின் கிராமங்கள் சிலவற்றில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கின்றனர். எல்லை கடந்து வருவதைப் பெற்றுக்கொள்பவர்கள், எல்லை கடந்து கொடுப்பதை மட்டும் புதுமையாகக் கருதுவது பொருந்தாது.

எந்த வேலைக்கு முதலிடம் என்பதில் சச்சரவு உண்டாகலாம். பம்பு நிலையம் கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழாவும் நடக்கும். தூர்வாரிய குளம் பார்ப்பதற்கு முன்போலவே இருக்கும். எனினும் மின்சாரமின்றி வேலை செய்யும் குளத்தைச் சீராக வைத்துக்கொள்வது, மின்சாரத்தை நம்பிய புதிய யந்திரத்தை நிறுவுவதைவிடச் சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. முளைத்துவிட்ட மரங்களைப் பொறுத்தவரை, நீர் வரும் வாயிலையும் மதகையும் ஒட்டிய பகுதியை மட்டும் தூர்வாரி, எஞ்சிய காட்டை அப்படியே விட்டுவிட முடியுமா என்பதை மாநகராட்சிப் பொறியாளரும் வனத்துறை அலுவலரும் ஒரே குளத்தின் கரையில் நின்று முடிவு செய்ய வேண்டும். வெவ்வேறு கோப்புகளில் அது முடிவாகாது.

முடிவு செய்ய அளவுகள் வேண்டும். 2005-ல் சாந்தாகுரூஸ் 944 மில்லிமீட்டர் பதிவு செய்த அதே நாளில் கொலாபா பதிவு செய்தது 73 மில்லிமீட்டர். ஒரே நகரத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், கழியின் மறுகரையில் பெய்ததை இக்கரையின் மழைமானியைக் கொண்டு ஊகிக்க இயலாது. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் மும்பை மாநகராட்சியின் ஒத்துழைப்புடன் உருவாக்கிய வெள்ள முன்னறிவிப்பு முறை 2020 ஜூனில் தொடங்கப்பட்டது. அத்தகைய முறைக்குக் கழியின் இரு கரைகளின் மழையளவுகளும் ஏற்றவற்றக் குறிப்புகளும் குளங்களின் நீர்மட்டமும் ஒருங்கே கிடைத்தால் அதன் பயன் பன்மடங்காகும். கூட்டுக் கணக்கிலிருந்து செலவிட வேண்டிய முதல் தொகை அதிகமாக இருக்கத் தேவையில்லை. 11 குளங்களிலும் அளவுகோல் நட்டு, மழைக்கு முன் மே மாதத்தில் ஒருமுறையும் மழைக்குப் பின் அக்டோபரில் ஒருமுறையும் வண்டலின் உயரத்தை அளந்து, மூன்று மாநகராட்சிகளும் காணக்கூடிய ஒரே பதிவேட்டில் எழுதினால் போதும். களப்பணியாளர் அளப்பதைப் பக்கத்துப் பள்ளியின் மாணவர்களும் ஆசிரியருடன் வந்து அளந்து சரிபார்க்கலாம். இரு அளவுகளும் வேறுபட்டால், வேறுபட்டவாறே பதிவேட்டில் ஏறட்டும்.